பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும்: பென் டிரைவைச் செருகுவதற்கு முன்னால்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கூடுதல் அப்டேட் திட்டத்தில் பதிந்துகொண்ட வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே நின்று போயிற்று. சரி, விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாம் என்றால் பாதுகாப்புக்கான டிபிஎம் 2.0 சிப் கேட்கிறது. இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். எச்61 மதர்போர்டில் இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3, ஜி31 போர்டில் கோர் 2 டியோ, அண்ணன் கல்லூரியில் வாங்கி இப்போது தம்பி கைக்கு வந்திருக்கும் லேப்டாப் என்று மதுரை வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மெஷின்கள் எதற்கும் இந்தத் தகுதி கிடையாது. ஆனால் மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. அதைத் தூக்கிப் போட ஒரு காரணமும் இல்லை.

அதற்காக விண்டோஸை மொத்தமாக அழித்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு (ஓஎஸ்) வாருங்கள் என்று சொல்வதும் நடைமுறைக்கு ஒத்துவராது. வீட்டிலிருந்தே சுங்குடி சேலை வியாபாரம் பார்ப்பவருக்குக் கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர் வேண்டும். ஜிஎஸ்டி தாக்கலுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவருக்கு அதன் டிரைவர் விண்டோஸில்தான் சிக்கலில்லாமல் ஓடும். கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவரிடம் பத்து வருஷத்துப் பேஜ்மேக்கர் ஃபைல்கள் இருக்கும். எனவே வேலையைப் பிரித்துக்கொள்வதுதான் சரியான வழி: பேங்க், மெயில், யூடியூப், பிள்ளைகளின் பள்ளி வேலை என்று நெட்டைத் தொடுகிற எல்லாமே லினக்ஸில், டேலி, பழைய பிரிண்டர், பழைய சாஃப்ட்வேர் மட்டும் விண்டோஸில், அதுவும் முடிந்த வரை நெட் இணைப்பைத் துண்டித்து. டோக்கன் வைத்துத் தாக்கல் செய்பவர் அந்த நேரத்துக்கு மட்டும் நெட்டை இணைத்தால் போதும். இந்தப் பிரிவினை இல்லாமல் சும்மா இரண்டு ஓஎஸ் போட்டு வைப்பதில் பயன் குறைவு. பழக்கத்தில் விண்டோஸையே திறந்து, அதிலேயே பேங்க் வேலையும் பார்ப்பார்கள்.

ஆன் செய்ததும் ‘எது வேண்டும்’ என்று கேட்கும் திரை நம் ஊருக்குப் புதிதும் அல்ல. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்பிலேயே விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன.

எந்த லினக்ஸ் என்பதில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. பழைய மெஷினுக்கு லினக்ஸ் மின்ட் 22 வரிசையின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு போதும். 2029 வரை அப்டேட் உண்டு. 2 ஜிபி ரேமில் ஓடும், 4 ஜிபி இருந்தால் பிரவுசரும் தாராளமாக ஓடும். 64-பிட் பிராசஸர் கட்டாயம். கோர் 2 டியோவே 64-பிட்தான். அதில் 32-பிட் விண்டோஸ் போட்டு வைத்திருப்பதால் பலர் மெஷினையே 32-பிட் என்று நினைத்துவிடுகிறார்கள். ‘சிஸ்டம்’ பக்கத்தில் பிராசஸர் வகை எக்ஸ்64 என்று இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டு ஓஎஸ் போடுவது கெட்டுப்போவது பெரும்பாலும் லினக்ஸ் இன்ஸ்டால் செய்யும் அந்த அரை மணி நேரத்தில் அல்ல. அதற்கு முன்னால் பார்க்காமல் விட்ட மூன்று நான்கு விஷயங்களில்தான்.

டிஸ்க் முதலில்

பத்து வருஷம் சுற்றிய ஹார்ட் டிஸ்க்கை முதலில் சந்தேகப்படுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரைத் திறந்தால் டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணக்கு தெரியும். ‘ரீஅலோகேட்டட் செக்டர்ஸ்’, ‘கரன்ட் பெண்டிங் செக்டர்ஸ்’ ஆகிய இரண்டு வரிகளில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்து, மஞ்சள் நிறத்தில் ‘காஷன்’ என்று காட்டினால், அந்த டிஸ்க்கில் பார்ட்டிஷன் வேலை, அதாவது பகுதி பகுதியாகப் பிரிக்கும் வேலை, வைத்துக்கொள்ளாதீர்கள். இருக்கும் பகுதியைச் சுருக்கி இடம் எடுக்கும்போது ஆயிரக்கணக்கான ஃபைல்கள் இடம் மாறும். படிக்க முடியாத செக்டர் ஒன்று குறுக்கே வந்தாலும் வேலை நடுவழியில் நின்றுவிடும்.

டிஸ்க் நன்றாக இருந்தாலும் பேக்கப் எடுத்தாக வேண்டும். சி டிரைவில் இருப்பதை டி டிரைவுக்குக் காப்பி செய்து வைப்பது பேக்கப் ஆகாது. இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். வெளி ஹார்ட் டிஸ்க்கோ வேறு மெஷினோ வேண்டும். டேலி டேட்டா ஃபோல்டரையும் மறந்துவிடாதீர்கள், அது ‘டாக்குமென்ட்ஸ்’ உள்ளே இருக்காது.

முடிகிறவர்கள் ஒரு 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கி லினக்ஸை அதில் தனியாகப் போடுவதே நல்லது. பழைய டிஸ்க்கையும் அதிலிருக்கும் விண்டோஸையும் தொடவே வேண்டாம், சுருக்கும் ஆபத்தும் இல்லை. எச்61 போர்டில் நான்கு சாட்டா போர்ட் உண்டு. அவை 3 ஜிகாபிட் வேகம்தான், புதிய எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது. ஆனாலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓட்டியவர்களுக்கு வித்தியாசம் முதல் நாளே தெரியும். எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பெட்டியில் சாட்டா பவர் ஒயர் மிச்சம் இல்லையென்றால், பழைய நான்கு பின் மோலெக்ஸ் ஒயரிலிருந்து மாற்றிக்கொள்ளும் கன்வெர்ட்டர் டவுன்ஹால் ரோடு பக்கக் கடைகளில் கேட்டாலே எடுத்துத் தருவார்கள். லேப்டாப் என்றால் டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் எஸ்எஸ்டியைப் பொருத்தும் கேடி என்ற சட்டத்தை வைக்கலாம். 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என இரண்டு தடிமனில் வரும் என்பதால், கழற்றிய டிவிடி டிரைவைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். ரேமும் சேர்த்து வாங்குவதாக இருந்தால், நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புகளுக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல்தான் போட வேண்டும். சாதாரண டிடிஆர்3 ஸ்லாட்டில் சரியாக உட்காரும், ஆனால் மெஷின் ஆன் ஆகாமல் நிற்கும்.

நான்கு பார்ட்டிஷன் கணக்கு

ஒரே டிஸ்க்தான் என்றால் அதைப் பிரித்தாக வேண்டும். பழைய டிஸ்க்குகளில் அதிகம் இருப்பது எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறை. அதில் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் போட முடியாது. விண்டோஸ் 7 காலத்தில் கம்பெனியே ஓஎஸ் போட்டுக் கொடுத்த லேப்டாப் பலவற்றில் இந்த நான்கும் ஏற்கனவே தீர்ந்து போயிருக்கும்: 100 எம்பி அளவில் சிஸ்டம் பகுதி, சி டிரைவ், ரெக்கவரி, கம்பெனியின் டூல்ஸ் பகுதி. சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபி காலி செய்தாலும் லினக்ஸ் இன்ஸ்டாலர் அந்த இடத்தை ‘பயன்படுத்த முடியாதது’ என்றுதான் காட்டும். இடம் இருந்தும் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று குழம்பி, மறுபடி மறுபடி சுருக்கிக்கொண்டிருப்பார்கள்.

இந்த இடத்தில்தான் பெரிய விபத்தும் நடக்கிறது. நான்கு பார்ட்டிஷன் நிறைந்த டிஸ்க்கில், காலி இடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து புது வால்யூம் உருவாக்கச் சொன்னால், விண்டோஸ் ‘டிஸ்க்கை டைனமிக்காக மாற்றப் போகிறேன்’ என்று ஒரு எச்சரிக்கை காட்டும். நீளமான வாசகம் என்பதால் படிக்காமலே ‘யெஸ்’ தட்டிவிடுவார்கள். டைனமிக் டிஸ்க் ஆகிவிட்டால் லினக்ஸ் இன்ஸ்டாலர் அதைக் கையாளாது. எதையும் அழிக்காமல் பழைய நிலைக்குத் திருப்ப விண்டோஸிலேயே வழி இல்லை. எச்சரிக்கை வந்தால் ‘நோ’ கொடுத்து வெளியே வந்துவிடுங்கள். லினக்ஸுக்கான பார்ட்டிஷனை விண்டோஸில் உருவாக்கவே வேண்டாம். ‘அன்அலோகேட்டட்’ என்று கறுப்புப் பட்டையாக விட்டுவிட்டால் மீதியை இன்ஸ்டாலர் பார்த்துக்கொள்ளும்.

நான்கும் தீர்ந்திருந்தால், டூல்ஸ் பகுதியையோ ரெக்கவரி பகுதியையோ காப்பி எடுத்துவிட்டு நீக்க வேண்டும். இப்போது விண்டோஸ் 10 ஓடுகிற மெஷினில் கம்பெனி கொடுத்த விண்டோஸ் 7 ரெக்கவரிக்கு வேலை இல்லை. அதை நீக்கலாம். 100 எம்பி சிஸ்டம் பகுதியை மட்டும் தொடக் கூடாது, விண்டோஸ் பூட் ஆவதே அங்கிருந்துதான். ஒரு இடம் விடுபட்டதும் இன்ஸ்டாலரில் ‘லாஜிக்கல்’ வகையில் உருவாக்கினால், எக்ஸ்டெண்டட் என்ற ஒரே பார்ட்டிஷனுக்குள் லினக்ஸுக்கு வேண்டிய எல்லாப் பகுதிகளும் அடங்கிவிடும். ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறையில் இருக்கும் டிஸ்க்கில் இந்த வரம்பே கிடையாது. விண்டோஸ் 8-ஓடு வந்த லேப்டாப்புகள் பெரும்பாலும் ஜிபிடிதான்.

சுருக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். 200 ஜிபி காலி இருந்தும் 9 ஜிபி மட்டுமே சுருக்க முடியும் என்று அது சொல்லும் நிலை வரும். நகர்த்த முடியாத ஃபைல் ஏதோ ஒன்று பகுதியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஹைபர்னேஷன் ஃபைல், பேஜிங் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் பாயிண்ட்டுகள் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயன்றால் எண் கூடிவிடும். முடிந்ததும் பேஜிங் ஃபைலைத் திரும்பப் போட மறக்காதீர்கள். 500 ஜிபி டிஸ்க்கில் விண்டோஸுக்கு 100, லினக்ஸுக்கு 40 முதல் 60, மீதி முழுக்க இரண்டும் படிக்கக்கூடிய என்டிஎஃப்எஸ் டேட்டா பகுதி என்று வைத்தால் சௌகரியம்.

சுருக்கும் நேரத்தில் கரண்ட் போகக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்காக உங்கள் ஏரியாவில் மின்தடை உண்டா என்று அன்றைய பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் பேட்டரி செத்துப்போயிருந்தால் அதுவும் டெஸ்க்டாப் மாதிரிதான். 600 விஏ யுபிஎஸ் இருந்து அதன் 12 வோல்ட் பேட்டரியும் நல்ல நிலையில் இருந்தால் சமாளிக்கலாம். பேட்டரி மூன்று நான்கு வருஷம் பழையது என்றால் ஃபேனையும் மானிட்டரையும் போட்டு முதலில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

லெகசியா, யூஇஎஃப்ஐயா

எல்லாவற்றிலும் அதிகம் கேட்கப்படும் புகார்: “இன்ஸ்டால் ஆகிவிட்டது, ஆனால் லிஸ்ட்டில் விண்டோஸ் வரவில்லை.” விண்டோஸ் அழிந்திருக்காது. மெஷின் ஆன் ஆகி ஓஎஸ்ஸைக் கிளப்பும் பூட் முறை இரண்டு: பழையது லெகசி, புதியது யூஇஎஃப்ஐ. இரண்டு ஓஎஸ்ஸும் வேறு வேறு முறையில் போடப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

ஜி31 மாதிரி போர்டுகளில் லெகசி பயாஸ் மட்டும்தான், குழப்பத்துக்கு இடமில்லை. எச்61 காலத்துப் போர்டு பலவற்றில் இரண்டு முறையும் உண்டு. அதில் அன்றைக்குக் கடைக்காரர் விண்டோஸ் 7-ஐ லெகசியில் போட்டிருப்பார். இப்போது பென் டிரைவைச் செருகி பூட் மெனுவைத் திறந்தால் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை வரும்: ஒன்று வெறும் பெயராக, இன்னொன்று முன்னால் ‘யூஇஎஃப்ஐ’ என்ற ஒட்டோடு. விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறதோ அதே முறையில்தான் பென் டிரைவையும் பூட் செய்ய வேண்டும். ‘எது வேண்டும்’ என்று கேட்கும் திரையைக் காட்டுவது கிரப் என்ற பூட் லோடர். யூஇஎஃப்ஐயில் பூட் ஆன இன்ஸ்டாலர் யூஇஎஃப்ஐ கிரப்பைத்தான் போடும். அந்த கிரப்பால் லெகசி விண்டோஸைக் கிளப்ப முடியாது.

விண்டோஸ் எந்த முறை என்று பார்க்க, ஸ்டார்ட் மெனுவில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடித் திறந்து ‘பயாஸ் மோட்’ வரியைப் பாருங்கள். லினக்ஸ் பென் டிரைவில் பூட் ஆன பிறகும் சரிபார்க்கலாம்: ஃபைல் மேனேஜரில் ஃபைல் சிஸ்டம், சிஸ், ஃபர்ம்வேர் என்று வரிசையாக உள்ளே போனால், ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருந்தால் யூஇஎஃப்ஐ, இல்லையென்றால் லெகசி. இரண்டும் பொருந்தவில்லையென்றால் இன்ஸ்டால் பட்டனைத் தொடாமல் ரீஸ்டார்ட் செய்து அடுத்த வரியைத் தேர்ந்தெடுங்கள். பூட் மெனு வரவழைக்கும் பட்டன், கிகாபைட் போர்டிலும் டெல், லெனோவோ லேப்டாப்பிலும் பெரும்பாலும் எஃப்12; இன்டெல் போர்டில் எஃப்10; எச்பி லேப்டாப்பில் எஃப்9.

பயாஸ் என்ற மதர்போர்டு செட்டிங் திரைக்குள் போகிறவர்கள், டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடை மட்டும் மாற்றாதீர்கள். ஐடிஇ முறையில் போட்ட விண்டோஸை ஏஎச்சிஐக்கு மாற்றினால் நீலத் திரைதான் வரும். யாருமே தொடாமலும் இது மாறும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோய், இரவு மெயின் சுவிட்சையும் அணைக்கிற வீட்டில் பயாஸ் செட்டிங் முழுவதும் தொடக்க நிலைக்குப் போய்விடும். தேதி பழைய வருஷத்தைக் காட்டினால் பேட்டரியை மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

டவுன்லோடும் பென் டிரைவும்

எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இன்ஸ்டால் செய்வதற்கான ஐஎஸ்ஓ ஃபைல் 3 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டில் ஃபைபர் இருந்தால் பேச்சே இல்லை. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கக் கிராமங்களில் நாளைக்கு 1.5 அல்லது 2 ஜிபி தருகிற மொபைல் பிளானை நம்பி இருந்தால் ஒரே நாளில் முடியாது. டோரண்ட் வழியாக எடுத்தால் இன்று பாதி, நாளை மீதி என்று விட்ட இடத்திலிருந்து தொடரும், வந்த பகுதிகளைத் தானே சரிபார்த்தும் கொள்ளும். பிரவுசர் டவுன்லோடு நடுவில் அறுந்து ஃபைல் பழுதாகிவிட்டால் இன்ஸ்டால் பாதியில் நிற்கும். ஆகவே மின்ட் தளத்தில் தந்திருக்கும் எஸ்எச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண்ணோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் என்ற சாஃப்ட்வேர் கொண்டு எழுதும்போது எம்பிஆர் முறையைத் தேர்ந்தெடுத்தால் லெகசி, யூஇஎஃப்ஐ இரண்டிலும் பூட் ஆகும்.

இன்ஸ்டால் செய்வதற்கு முன் அந்தப் பென் டிரைவிலேயே மின்ட்டை ஓட்டிப் பாருங்கள். சத்தம் வருகிறதா, வைஃபை தெரிகிறதா, திரை சரியாக இருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். பழைய லேப்டாப்பில் பிராட்காம் வைஃபை சிப் இருந்தால் டிரைவர் இல்லாமல் நெட் வராமல் போகலாம், அந்த டிரைவரையும் சில சமயம் நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டியிருக்கும். ஆண்ட்ராய்டு ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து ‘யுஎஸ்பி டெதரிங்’ ஆன் செய்தால் ஒயர் நெட் மாதிரி உடனே எடுத்துக்கொள்ளும். டிரைவர் மேனேஜர் மீதியை முடித்துவிடும்.

இன்ஸ்டால்

விண்டோஸ் 10-ல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ பெரும்பாலும் ஆன் ஆக இருக்கும். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய் அதை அணைத்துவிடுங்கள். அது ஆன் ஆக இருக்கும் வரை ஷட்டவுன் என்பது அரைத் தூக்கம்தான். சி டிரைவின் நிலையை ஃபைலில் எழுதி வைத்துவிட்டுத்தான் விண்டோஸ் படுக்கும். அந்த நிலையில் லினக்ஸ் அதைத் திறந்தால், எழுத விடாமல் படிக்க மட்டும் அனுமதிக்கும். வலுக்கட்டாயமாக எழுதினால் டேட்டா கெடும். டேட்டா பகுதியில் காப்பி செய்ய முடியவில்லை என்று வரும் புகாருக்கும் பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஒரே டிஸ்க் என்றால் ‘விண்டோஸோடு சேர்த்து இன்ஸ்டால்’ என்ற வரி தானாக வரும். வரவில்லையென்றால் நின்று யோசியுங்கள்: பூட் முறை மாறியிருக்கும், அல்லது விண்டோஸ் அரைத் தூக்கத்தில் இருக்கும், அல்லது நான்கு பார்ட்டிஷன் நிறைந்திருக்கும். ‘டிஸ்க்கை அழித்து இன்ஸ்டால்’ என்ற வரி மட்டும் தெரிகிறதே என்று அதை அழுத்திவிடாதீர்கள். அது சொன்னதைச் செய்துவிடும்.

இரண்டு டிஸ்க் போட்டவர்கள் கவனிக்க வேண்டிய பெட்டி ‘பூட் லோடரை எங்கே போடுவது’ என்பது. சும்மா விட்டால் முதல் டிஸ்க்கில், அதாவது பெரும்பாலும் விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கிலேயே எழுதிவிடும். யூஇஎஃப்ஐயில் நீங்கள் வேறு டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் கண்ட பூட் பகுதியிலேயே எழுதும் பழக்கம் இந்த இன்ஸ்டாலருக்கு உண்டு. இதற்கு மெனுவில் தேட வேண்டாம். மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, விண்டோஸ் டிஸ்க்கின் சாட்டா டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் வைத்து லினக்ஸ் போடுங்கள். முடிந்ததும் கேபிளைத் திரும்ப மாட்டி, பயாஸில் எஸ்எஸ்டியை முதல் பூட்டாக வைத்து, லினக்ஸுக்குள் போய் கிரப்பை அப்டேட் செய்தால் விண்டோஸும் லிஸ்ட்டில் வந்துவிடும். அப்படியும் வரவில்லையென்றால் கிரப் செட்டிங் ஃபைலில், மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் தடைபட்டிருக்கும். அதன் ‘டிஸேபிள்’ வரியை (GRUB_DISABLE_OS_PROBER) ‘ஃபால்ஸ்’ என்று மாற்றி மறுபடி அப்டேட் கொடுங்கள். இப்படிப் போட்டால் ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றது தன் போக்கில் பூட் ஆகும்.

போட்ட பிறகு

கடிகாரம் 5 மணி 30 நிமிடம் தள்ளிக் காட்டும். மதர்போர்டு கடிகாரத்தில் இந்திய நேரம் இருக்கிறது என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸோ உலக நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையோடு செட்-லோக்கல்-ஆர்டிசி 1 (timedatectl set-local-rtc 1) என்று ஒருமுறை கொடுத்தால் தகராறு தீர்ந்தது. அப்படியே விட்டால் ஓஎஸ் மாறும்போதெல்லாம் நேரம் தவறும், சில சமயம் தேதியும் மாறிவிடும்.

பிரிண்டர் விஷயத்தில் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஜெராக்ஸ் கடைகளிலும் வீடுகளிலும் பரவிக் கிடக்கும் கேனன் எல்பிபி 2900 லினக்ஸில் பெரும் பாடு படுத்தும். அதற்கு நேரம் செலவழிக்காமல் பிடிஎஃப்பாக டேட்டா பகுதியில் சேமித்து விண்டோஸில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். எச்பி லேசர்ஜெட் 1020 ஓடும், ஆனால் எச்பிலிப் என்ற எச்பியின் லினக்ஸ் டிரைவரில் பிளக்-இன்னை நெட்டிலிருந்து இறக்கிக் கொடுக்க வேண்டும். எப்சன் எல் வரிசை அவ்வளவாகத் தொல்லை தராது.

தமிழுக்கு ஐபஸ் என்ற மொழி உள்ளீட்டுக் கருவியில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால் எங்கும் டைப் அடிக்கலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல்கள் இருந்தால், விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருவை லினக்ஸுக்குக் காப்பி செய்தால் லிப்ரே ஆபீஸில் சரியாகத் தெரியும்.

விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தால் லெகசி மெஷினில் கிரப் போய்விடும், நேராக விண்டோஸே வரும். மின்ட் பென் டிரைவில் பூட் செய்து அதிலேயே இருக்கும் ‘பூட் ரிப்பேர்’ கொடுத்தால் திரும்பிவிடும். யூஇஎஃப்ஐயில் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு பூட் வரிசை மட்டும் மாறலாம். பயாஸுக்குள் போய் மின்ட் வரியை மேலே ஏற்றினால் போதும்.

லினக்ஸ் வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள், விண்டோஸிலிருந்து லினக்ஸ் பகுதியை முதலில் அழிக்காதீர்கள். கிரப்பின் ஃபைல்கள் அந்தப் பகுதிக்குள்தான் இருக்கின்றன. அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் லெகசி மெஷின் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற கறுப்புத் திரையில் நின்றுவிடும், விண்டோஸும் வராது. விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியின் கமாண்ட் பிராம்ப்ட்டில் டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் பூட் பதிவான எம்பிஆரைத் திருத்தி, விண்டோஸ் நேராகக் கிளம்புகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அதன் பிறகு லினக்ஸ் பகுதியை அழியுங்கள்.